வராதவருக்கும் ஒரு பங்கு

பாஸ்கா காலம் 5ஆம் ஞாயிறு – முதல் ஆண்டு
திப 6:1-7, 1 பேது 2:4-9, யோவா 14:1-12



நம் ஊர்த் திருவிழாவில் அசனம் நடக்கும் நாளில் பந்தலுக்குப் பின்புறம் ஒரு தனி வரிசை நிற்கும். இலையில் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டு எழுந்தவர்கள்தாம் அங்கே நிற்பார்கள். கையில் தூக்குவாளி இருக்கும். “அம்மைக்கு எழும்ப முடியல”, “அவுக கடையைப் போட்டுட்டு வர முடியல”, “தம்பிக்கு நைட் டூட்டி” என்று ஆளுக்கொரு காரணம். அண்டாவில் கரண்டி அடிதட்டும் நேரம். பரிமாறும் பையன்களுக்குச் சலிப்பு வந்துவிடும். அப்போது நம் கோயில்பிள்ளை ஒன்று சொல்வார்: “வந்தவனுக்குப் போட்டாச்சுல்லா? வராதவனுக்கு ஊத்துல.”

இன்றைய முதல் வாசகத்தில் திருத்தூதர்களுக்கு வந்த சிக்கலும் கிட்டத்தட்ட இந்த வாளிச் சிக்கல்தான்.

எருசலேமில் அன்றாடம் உணவு பகிர்ந்தார்கள். அதில் கிரேக்க மொழி பேசிய கைம்பெண்கள் விடுபட்டுப்போனார்கள். பட்டினி போட வேண்டும் என்று யாரும் திட்டமிடவில்லை. பரிமாறியவர்களுக்குத் தெரிந்த முகங்கள் உள்ளூர் முகங்கள். காதில் விழுந்த பேச்சு உள்ளூர்ப் பேச்சு. மற்றவர்கள் கண்ணில் படவில்லை. முணுமுணுப்பு கிளம்பியது. தொடக்கத் திருச்சபை ஒரே மனமும் ஒரே உயிருமாக இருந்தது என்று முந்தைய அதிகாரங்களில் எழுதிய அதே லூக்கா, இந்த முணுமுணுப்பையும் மறைக்காமல் எழுதி வைத்திருக்கிறார்.

திருத்தூதர்கள் என்ன செய்தார்கள்? குறை சொன்னவர்களை அதட்டவில்லை. “எவ்வளவு செய்தாலும் இவர்களுக்குப் போதாது” என்று சலித்துக்கொள்ளவும் இல்லை. எல்லாரையும் கூட்டி, ஏழு பேரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். ஸ்தேவான் தொடங்கி அந்த ஏழு பேரின் பெயர்களையும் மறுபடி படித்துப் பாருங்கள். ஏழும் கிரேக்கப் பெயர்கள். விடுபட்ட பக்கத்து ஆட்களின் கையிலேயே கரண்டியைக் கொடுத்துவிட்டார்கள் என்றுதான் இதை விவிலிய அறிஞர்கள் பலர் புரிந்துகொள்கிறார்கள். அதற்கு அடுத்த வரியில்தான், கடவுளின் வார்த்தை பரவியது, சீடர் தொகை பெருகியது என்று லூக்கா எழுதுகிறார். பந்தி சரியான பிறகு நற்செய்தியும் பரவியது.

அன்பானவர்களே, ‘பங்கு’ என்ற சொல்லை நாம் நாள்தோறும் சொல்கிறோம். பங்குத்தந்தை, பங்குமக்கள், பங்குப்பேரவை. கிரேக்கத்தில் இதற்கு இணையான சொல் அயலாராக, அண்டையில் தங்கியிருப்போரைக் குறிக்கும். நம் முன்னோர் தமிழில் வைத்த பெயரோ வேறு ஒன்றையும் சேர்த்துச் சொல்கிறது. மீன்பாட்டைப் பிரிக்கும்போது படகுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, ஆளுக்கு ஒரு பங்கு என்கிறோம். ஞாயிற்றுக்கிழமை கறியைப் பங்கு போடுகிறோம். சொத்தில் பங்கு கேட்டுக் கோர்ட்டுக்கும் போகிறோம். பங்கு என்றால் பிரித்துக் கொடுக்கப்படுவது. “நான் இந்தப் பங்கைச் சேர்ந்தவன்” என்றால், எனக்கு இங்கே உரிய ஒரு பாகம் இருக்கிறது, என்னிடமிருந்து பிறருக்குப் போகவேண்டிய ஒரு பாகமும் இருக்கிறது என்று பொருள்.

முதல் கிறிஸ்தவர்களுக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. 155ஆம் ஆண்டு வாக்கில் புனித யுஸ்தீன் என்ற மறைசாட்சி, கிறிஸ்தவர்கள் கூடி என்னதான் செய்கிறார்கள் என்று உரோமைப் பேரரசருக்கு விளக்கி எழுதினார். ஞாயிறன்று நகரத்தாரும் நாட்டுப்புறத்தாரும் ஓரிடத்தில் கூடுகிறார்கள், இறைவார்த்தை வாசிக்கிறார்கள், தலைவர் அறிவுரை சொல்கிறார், அப்பமும் இரசமும் கொண்டுவரப்பட்டு நன்றி மன்றாட்டு நடக்கிறது, எல்லாரும் உட்கொள்கிறார்கள். ஏறக்குறைய 1,870 ஆண்டுகளுக்கு முந்தைய அந்தப் பூசையில் இன்று நம்மை உட்கார வைத்தாலும் நமக்கு வழி தவறாது.

யுஸ்தீன் அதோடு நிறுத்தவில்லை. அன்று வர இயலாதவர்களுக்குத் திருத்தொண்டர்கள் நற்கருணையைக் கொண்டுபோகிறார்கள் என்கிறார். வசதியுள்ளவர்கள் மனமுவந்து கொடுப்பது தலைவரிடம் சேர்கிறது. அதைக் கொண்டு அநாதைகள், கைம்பெண்கள், நோயாளிகள், சிறையில் இருப்பவர்கள், வழிப்போக்கர்கள் பராமரிக்கப்படுகிறார்கள் என்கிறார். பூசை ஒரு தனிப் பத்தியிலும் பிறரன்புப் பணி இன்னொரு பத்தியிலும் அவர் எழுதவில்லை. ஒரே ஞாயிறு, ஒரே மூச்சு. 251ஆம் ஆண்டில் திருத்தந்தை கொர்னேலியு எழுதிய ஒரு கடிதம் உரோமைத் திருச்சபையின் கணக்கைச் சொல்கிறது: குருக்கள் 46 பேர், திருத்தொண்டர்கள் 7 பேர், திருச்சபை சோறு போட்டுப் பார்த்துக்கொண்ட கைம்பெண்களும் வறியவர்களும் 1,500 பேருக்கு மேல். வேதகலாபனைக் காலம் அது. பெரிய கோயில் கட்டிடம் ஒன்றுகூட அவர்களுக்கு இல்லை. ஆனால் யார் யாருக்குச் சோறு போகவேண்டும் என்ற கணக்கு இருந்தது.

நம்மிடம் என்ன கணக்கு இருக்கிறது?

இதைக் கேட்கும் தகுதி எனக்குக் கிடைத்த விதத்தை உங்களிடம் மறைக்காமல் சொல்லவேண்டும். போன தவக்காலத்தில் நடந்தது. வலதுபுறம் மூன்றாவது தூணுக்கு அருகில் உட்காரும் ஒரு பாட்டியை உங்களில் பலருக்குத் தெரியும். பெயர் வேண்டாம். முதல் பூசைக்கு மணி அடிக்கும் முன்பே வந்துவிடுவார். காணிக்கைப் பையோ தட்டோ அருகில் வந்ததும் முந்தானை முடிச்சை அவிழ்த்து, நாலாக மடித்த 10 ரூபாய்த் தாளை எடுப்பார். அந்தப் பாட்டி வராமல் ஐந்து ஞாயிறுகள் போயிருக்கின்றன. எனக்குத் தெரியவில்லை. தபசுகாலத் திருப்பயணத்துக்கு எத்தனை பஸ், சிலுவைப்பாதைக்கு எந்தத் தெரு, ஒலிபெருக்கி ஏன் கரகரக்கிறது என்பதெல்லாம் எனக்குத் தெரிந்திருந்தது. பீடச்சிறுவன் ஒருவன், பூசை முடிந்து அங்கியைக் கழற்றும்போது கேட்டான்: “ஃபாதர், தூண் பாட்டி ஏன் வரமாட்டேங்காங்க?”

அன்று சாயங்காலம் போனேன். குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து, பாட்டி கட்டிலோடு கிடந்தார். மகன் ஆஸ்பத்திரிச் செலவை ஏற்றுக்கொண்டு, திருப்பூருக்கு வேலைக்குத் திரும்பியிருந்தார். என்னைப் பார்த்ததும் பாட்டி “ஸ்தோத்திரம் சாமி” என்று கைகூப்பினார். “எத்தனை நாளாச்சு பாட்டி, சொல்லி அனுப்பியிருக்கக் கூடாதா?” என்று நான்தான் முந்திக்கொண்டு குறை சொன்னேன். அவர் குறை சொல்லவில்லை. “எழுந்தேற்ற மணி கேக்கும் சாமி. அப்ப மட்டும் கட்டில் கம்பியப் பிடிச்சு எழும்பி உக்காந்துக்கிடுவேன்” என்றார்.

கோயில் மணியின் சத்தம் ஐந்து வாரமும் அந்த வீட்டுக்குப் போயிருக்கிறது. நாம் போகவில்லை.

புறப்படும்போது தலையணைக்கு அடியில் கைவிட்டு ஒரு சின்ன முடிச்சை எடுத்தார். உள்ளே ஐந்து 10 ரூபாய்த் தாள்கள், ஒவ்வொன்றும் நாலாக மடித்தது. “வராத வாரத்துக் காணிக்கை சாமி” என்றார். கோயிலுக்குரிய பங்கை அவர் ஒரு வாரம்கூடத் தவறாமல் எடுத்து வைத்திருக்கிறார். அவருக்குரிய பங்கைக் கோயில் ஐந்து வாரமும் எடுத்து வைக்கவில்லை. அந்த 50 ரூபாயைக் கையில் வாங்கியபோது எனக்கு வெட்கமாக இருந்தது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். அந்த ஐந்து வாரமும் காலையில் கஞ்சி கொண்டுவந்து கொடுத்து, பாட்டியைத் துடைத்துவிட்டது யார்? பக்கத்து வீட்டில் பீடி சுற்றும் அம்மா. இந்துக் குடும்பம். செவ்வாய்க்கிழமை அந்தோனியார் நவநாளுக்கு மட்டும் நம் கோயிலுக்கு வந்து கடைசியில் நின்று கும்பிட்டுவிட்டுப் போகிறவர். மடியில் தட்டு இருந்து, இலை வெட்டிச் சுற்றினால்தான் அன்றைய கூலி. தட்டை இறக்கி வைத்துவிட்டு எழுந்து போன நேரமெல்லாம் அவருக்குக் கூலி போன நேரம். நம் அன்பியப் பதிவேட்டில் அவர் பெயர் கிடையாது. அந்தத் தெருவுக்கு ஆண்டவர் அந்த ஐந்து வாரம் வைத்திருந்த திருத்தொண்டர் அவர்தான்.

நம் பங்கு சும்மா கிடக்கும் பங்கு அல்ல. செவ்வாய் நவநாளில் நிற்க இடமிருக்காது. ஆசீர்வதித்த பன்னுக்குக் கை நீளும். புதன் சகாய மாதா. வியாழன் ஆராதனை. சனிக்கிழமை மரியாயின் சேனைக் கூட்டம். ஞாயிறு பூசைக்குப் பிறகு மறைக்கல்வி, பாடகர் பயிற்சி, இளையோர் கூட்டம். இப்போது மே மாதம். மாதா வணக்கமும் சேர்ந்திருக்கிறது. இவற்றில் பெரும்பாலானவை வருகிறவர்களுக்காக நடப்பவை. வரட்டும், மகிழ்ச்சி. ஆனால் நம் பங்கில் இருக்கும் இரண்டு பழைய சபைகளின் தொடக்கத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். மரியாயின் சேனை 1921இல் அயர்லாந்தின் டப்ளின் நகரில் தொடங்கியபோது அதன் முதல் பணி, ஏழைகள் கிடந்த மருத்துவமனையில் பெண் நோயாளிகளைப் போய்ப் பார்ப்பது. இன்றும் அந்தச் சபையின் பணி உறுப்பினர் வாரத்துக்கு இரண்டு மணி நேரம் வெளியே போய்ப் பணி செய்யவேண்டும் என்பது விதி. கூட்டத்துக்கு வந்து செபமாலை சொல்லிவிட்டுப் போனால் அது பாதிச் சேனைதான்.

வின்சென்ட் தே பவுல் சபையைத் தொடங்கிய பிரெட்ரிக் ஓசானாம் 1833இல் பாரிஸில் 20 வயது மாணவர். “உங்கள் திருச்சபை அந்தக் காலத்தில் நல்லது செய்திருக்கலாம், இப்போது என்ன செய்கிறீர்கள்?” என்ற தோரணையில் சக மாணவர்கள் அவரைச் சீண்டினார்கள். வாதத்தில் பதில் சொல்லி வெல்ல முயலாமல், நண்பர்களோடு ஏழை வீடுகளுக்குப் படியேறினார். வழிகாட்டியவர் அந்தக் குடிசைப்பகுதி வீடுகளை ஒவ்வொன்றாக அறிந்திருந்த ரோசலி என்ற அருட்சகோதரி. பணத்தைக் கொடுத்து அனுப்பாமல் வீட்டுக்குள் போய் உட்கார்ந்து பேசுவது, அதுதான் அவர்கள் கற்றுக்கொண்ட முதல் பாடம். இருவர் இருவராக வீடு போகும் வழக்கம் அப்படித்தான் வந்தது.

நமக்கு இரக்கம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். 2023 டிசம்பர் வெள்ளத்தை யார் மறப்பார்? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. தாமிரபரணி ஊருக்குள் வந்தது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நின்றுபோய் நூற்றுக்கணக்கான பயணிகள் தவித்தபோது, தங்கள் வீடுகளைச் சுற்றித் தண்ணீர் நின்ற நிலையிலும் பக்கத்துப் புதுக்குடி ஊர்மக்கள் இருந்த அரிசியைப் பொங்கிப் போட்டார்கள். யாரும் யாரிடமும் சாதி, மதம் கேட்கவில்லை. வெள்ளம் வந்தால் நாம் எல்லாரும் எழுந்துவிடுகிறோம். வெள்ளம் இல்லாத சாதாரணச் செவ்வாய்க்கிழமையில், கட்டில் கம்பியைப் பிடித்து ஒருவர் எழும்புவதுதான் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

ஏன் தெரிவதில்லை? சில வீடுகள் தூரம். சில வீடுகளைத் தூரமாக்கி வைத்திருக்கிறோம். நம் மாவட்டத்து வடக்கன்குளத்தில் கோயிலுக்கு உள்ளேயே சாதிக்கொரு பக்கம் என்று பிரித்து நின்ற சுவர் 1910இல் இடிக்கப்பட்டது. செங்கல் சுவரைக் கடப்பாரையால் இடித்துவிடலாம். கண்ணுக்குத் தெரியாத இன்னொரு சுவர் இருக்கிறது. அன்பியக் கூட்டத்தை எந்தத் தெருவில் வைக்கிறோம், எந்தத் தெருவில் வைப்பதே இல்லை. யார் வீட்டில் காபி குடிக்கிறோம், யார் வீட்டில் “இப்பதான் குடிச்சேன்” என்று கையைக் காட்டுகிறோம். அந்தச் சுவருக்குக் கடப்பாரை கிடையாது. உட்கார்ந்து அந்தக் காபியைக் குடித்தால்தான் அது விழும். கிரேக்கக் கைம்பெண்கள் இன்று நம் ஊரில் எந்தத் தெருவில் இருக்கிறார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை. உங்களுக்குத் தெரியும்.

புனித பேதுரு இரண்டாம் வாசகத்தில் நம்மை உயிருள்ள கற்கள் என்கிறார். கட்டிட வேலை தெரிந்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். சுவரில் ஒரு கல் விழுந்தால் அதன் பாரம் எங்கே போகும்? மேலேயும் பக்கத்திலும் இருக்கும் கல்லுக்குத்தான் முதலில் தெரியவேண்டும். பங்குத்தந்தைக்குத் தெரிவது அப்புறம். பாட்டி வராததைத் தூணுக்குப் பக்கத்தில் உட்காருகிறவர் முதல் வாரமே அறிந்திருக்கவேண்டும்.

நற்செய்தியில் ஆண்டவர், தந்தையின் வீட்டில் இடம் நிறைய இருக்கிறது, உங்களுக்காக இடம் ஏற்பாடு செய்யப் போகிறேன் என்கிறார். நமக்குப் புரிகிற விதத்தில் சொன்னால், திருவிழாக் கூட்டத்தில் பஸ் வந்து நின்றதும் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு, பின்னால் வருகிற அம்மாவுக்கு இடம் பிடிப்போமே, அதுபோல. இன்னும் வந்து சேராதவருக்காக முன்னமே போய் இடம் பிடிக்கிறவர் நம் ஆண்டவர். வராதவர்மேல் அவருக்கு அவ்வளவு கவனம். அவருடைய மேசையில் பங்கு வாங்குகிற நாம், நமக்குக் கிடைத்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவது எப்படி?

பூசை முடியும்போது குரு உங்களை அனுப்பிவைக்கிறார். நாம் தமிழில் யாரையும் “போ” என்று அனுப்புவதில்லை. “போய் வா” என்றுதான் அனுப்புவோம். அடுத்த ஞாயிறு நீங்கள் திரும்பி வரத்தான் போகிறீர்கள். வரும்போது, போன இடத்தில் யாரைப் பார்த்தீர்கள் என்ற சேதியோடு வாருங்கள்.

எனவே இந்த வாரத்துக்கு மூன்று வேலைகள்.

ஒன்று, பிடியரிசி. நம் பாட்டிமார் உலையில் அரிசி போடும் முன் ஒரு பிடி எடுத்துத் தனியே வைப்பார்கள். கேரளத்தில் புனித சாவறா அச்சன் 19ஆம் நூற்றாண்டில் இந்தப் பிடியரிசியைக் கொண்டுதான் ஏழைப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சாப்பிட வைத்துப் படிக்க வைத்தார். இன்று இராத்திரியே ஒரு டப்பாவை எடுத்து அடுப்பங்கரையில் வையுங்கள். பிள்ளைகள் கையால் அந்தப் பிடியைப் போடச் சொல்லுங்கள். மாதக் கடைசி ஞாயிறு வின்சென்ட் தே பவுல் சபையார் வாங்கிக்கொள்வார்கள். எந்த மதத்து வீட்டுக்கு என்று கேட்காமல் போய்ச் சேரும்.

இரண்டு, அன்பியப் பொறுப்பாளர்களுக்கு. வருகைப் பதிவை நீங்கள் ஒழுங்காக எழுதுகிறீர்கள். இனி வராதவர் பெயரையும் எழுதுங்கள். இரண்டு வாரம் ஒருவரைக் காணவில்லை என்றால் இருவர் போய் வாருங்கள். திட்டுவதற்காக அல்ல, வரி பாக்கி கேட்பதற்காகவும் அல்ல. போய் உட்கார்ந்து வாருங்கள். யார் யார் வீட்டுப் படியை இந்த ஆண்டு ஒருவரும் மிதிக்கவில்லை என்று பங்குப்பேரவையில் மாதம் ஒரு முறை வாசிப்போம். என்னால் தவறிய வீடுகளையும் அதில் சேர்த்து வாசியுங்கள்.

மூன்றாவது இன்றைக்கு. பூசை முடிந்ததும் பாட்டிக்கு நற்கருணை கொண்டுபோகிறேன். நற்கருணையை ஏந்திப்போகும் வழியில் உயிரைக் கொடுத்த தார்சீசியு என்ற இளம் மறைசாட்சி உங்கள் பாதுகாவலர், பீடச்சிறுவர்களே. மெழுகுதிரியும் மணியும் எடுத்துக்கொண்டு நீங்கள் முன்னால் நடங்கள். பக்கத்து வீட்டு அம்மாவுக்கும் நாம் ஒரு நன்றி சொல்லவேண்டும். பங்கின் பெயரால் அதை இன்னும் யாரும் சொல்லவில்லை. கூட வருகிறவர்கள் வடக்கு வாசலில் நில்லுங்கள். மூன்றாவது தூணுக்கு அருகில் உட்காருகிறவர்கள் கட்டாயம் வாருங்கள்.

ஆமென்.